செய்வதா, வாங்குவதா? – ஹென்றி ஃபோர்டின் வாழ்க்கை தரும் பாடம்

எளிய குடியில் பிறந்து, தம் உழைப்பால் உலகப் புகழ் எய்தியோர் பலர். அவர்களுள் மோட்டார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் நான் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்ததற்குக் காரணம் அவருடைய புகழும் அன்று, செல்வமும் அன்று. எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே காரணம்.

எங்கள் மேலாண்மைக் கணக்கியல் பாடத்தில் ஒரு பகுதி உண்டு. ஓர் உதிரிப் பாகத்தைத் தொழிற்சாலை தானே செய்துகொள்வதா, வெளியாரிடம் விலைக்கு வாங்குவதா என்று முடிவு செய்யும் கணக்கு அது. செய்தால் ஆகும் மாறும் செலவையும் வாங்கினால் கொடுக்கும் விலையையும் ஒப்பிட வேண்டும். செய்தாலும் வாங்கினாலும் மாறாமல் நிற்கும் வாடகை, மேலாளர் சம்பளம் போன்றவற்றைச் சேர்க்கக் கூடாது. இயந்திரம் ஓய்ந்தால் அதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் பார்க்க வேண்டும். தேர்வில் கேட்டால் எழுதலாம் என்று நானும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

என் தந்தையார் இரண்டு லேத்துகளை வைத்துக்கொண்டு சிறு பட்டறை நடத்துபவர். பம்பு செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் பல ஆண்டுகளாக ஷாப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்து வந்தார். சென்ற ஆண்டு ஒருநாள் அந்நிறுவனம் புதிய இயந்திரம் வாங்கிவிட்டதாகவும், இனி அப்பாகங்களைத் தானே செய்துகொள்ளப் போவதாகவும் சொல்லி ஆர்டரை நிறுத்திவிட்டது. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. நான் மனப்பாடம் செய்திருந்த கணக்கில் ‘வாங்குவதில்லை’ என்று முடிவானால், எதிர்ப்பக்கத்தில் ஒரு பட்டறையின் விளக்கு அணைகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சில நாட்கள் கழித்து அப்பா வேறொரு முடிவுக்கு வந்தார். இனி யாரையும் நம்பக் கூடாது, முழுப் பம்பையும் நாமே செய்ய வேண்டும், அதற்கு வீட்டை வங்கியில் அடமானம் வைத்துச் சொந்தமாக வார்ப்பாலை போட வேண்டும் என்றார். தன் கையே தனக்கு உதவி என்பது அவருடைய வாதம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் துறைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கணக்கு எதுவும் போடாமல், ஃபோர்டின் வரலாற்றைப் படித்துவிட்டு வா என்று நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமையும் முதல் முயற்சிகளும்

ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்னுக்கு அருகில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய உழவர். பன்னிரண்டு வயதிலேயே ஹென்றி தாயை இழந்தார். ஏரிலும் மாட்டிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதே அவருக்கு விளையாட்டு. 1879இல் டெட்ராய்ட் நகருக்குச் சென்று இயந்திரப் பட்டறையில் தொழில் பழகினார். 1891இல் எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் பொறியாளராகச் சேர்ந்து, 1893இல் தலைமைப் பொறியாளரானார்.

பகலெல்லாம் மின்நிலையத்தில் வேலை. இரவெல்லாம் வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஆராய்ச்சி. 1896 ஜூன் 4ஆம் நாள் விடியுமுன் அவருடைய முதல் வண்டி தயாராயிற்று. வெளியே கொண்டுவர முயன்றபோதுதான் கொட்டகையின் வாயில் சிறியது என்பது தெரிந்தது. கோடரியை எடுத்துச் சுவரை இடித்து வண்டியை வெளியேற்றினார். தடை எதிர்ப்பட்டால் இடித்துத் தள்ளுவது என்ற அக்குணம் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அது அவரை உயர்த்தியது. பின்னாளில் அதுவே அவரை வழுக்கவும் செய்தது.

அவர் தொடங்கிய முதல் கம்பெனி 1901இல் மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியை விட்டு 1902இல் வெளியேறினார். நாற்பது வயதை நெருங்கும்போது அவர் கையில் இருந்தவை இரண்டு தோல்விகளே.

வாங்கிப் பூட்டிய காலம்

1903 ஜூன் 16ஆம் நாள் ஃபோர்டு மோட்டார் கம்பெனி பதிவாயிற்று. நிலக்கரி வணிகரான மால்கம்சன் என்பவரே முதன்மைக் கூட்டாளி. ரொக்கமாகச் சேர்ந்த முதல் 28,000 டாலர் மட்டுமே. இவ்வளவு சிறிய முதலில் இயந்திரங்கள் வாங்குவது எங்ஙனம்? ஃபோர்டு வாங்கவில்லை. அன்றைய ஃபோர்டு தொழிற்சாலை எனப்பட்டது ஒரு வாடகைக் கட்டடம். அங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. வெளியிலிருந்து வந்த பாகங்களை ஒரு சில தொழிலாளர்கள் சேர்த்துப் பூட்டினார்கள், அவ்வளவே.

ஜான், ஹோரஸ் என்னும் டாட்ஜ் சகோதரர்கள் டெட்ராய்ட் நகரில் நல்ல இயந்திரப் பட்டறை வைத்திருந்தனர். எஞ்சின், பற்சக்கரப் பெட்டி, அச்சு எல்லாம் சேர்ந்த அடித்தளத்தை ஒன்றுக்கு 250 டாலர் விலையில் 650 எண்ணிக்கை செய்து தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். மரத்தாலான உடலும், சக்கரமும், டயரும் வெவ்வேறு கம்பெனிகளிடமிருந்து வந்தன. காரின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் டாட்ஜ் சகோதரர்கள். பெயர் மட்டுமே ஃபோர்டு என்றால் மிகையாகாது. அவர்களுக்குக் கம்பெனியில் பத்தில் ஒரு பங்கும் தரப்பட்டது. அதற்கு அவர்கள் ஈடாகத் தந்தது 10,000 டாலர் மதிப்புள்ள பொருளும் கடன் பத்திரமும்தான்.

முதல் காரை விற்பதற்குள் கம்பெனியின் வங்கி இருப்பு 223 டாலராகக் கரைந்துவிட்டது. 1903 ஜூலை நடுவில் சிகாகோவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் 850 டாலர் கொடுத்து ஒரு காரை வாங்கியபோதுதான் கம்பெனி மூச்சுவிட்டது. முதல் பதினைந்து மாதங்களில் ஏறத்தாழ 1,700 கார்கள் விற்பனையாயின. சொந்த இயந்திரங்களில் பணத்தை முடக்கியிருந்தால் இக்கம்பெனியும் முந்தைய இரண்டைப் போலவே மறைந்திருக்கும். இரண்டு முறை தோற்றவர் மூன்றாம் முறை வென்றதற்குப் பிறர் பட்டறையை நம்பியதும் ஒரு காரணம்.

செய்யத் தொடங்கிய காலம்

வெற்றி வந்ததும் எண்ணமும் மாறிற்று. ஒவ்வொரு காரிலும் டாட்ஜ் சகோதரர்களுக்கு லாபம் போகிறது. அவர்கள் அனுப்பும் வேகத்துக்கு மேல் நம்மால் வளர இயலாது என்பதை ஃபோர்டு கண்டார். மால்கம்சனோ விலையுயர்ந்த கார்களையே செய்ய வேண்டும் என்றார். ஃபோர்டின் கனவு எளியோரும் வாங்கும் கார்.

1905 இறுதியில் ஃபோர்டு ஒரு தந்திரம் செய்தார். புதிய மாடலுக்கான எஞ்சின் முதலிய பாகங்களைச் செய்யத் தனியாக ஒரு கம்பெனியைத் தோற்றுவித்தார். அதில் மால்கம்சனுக்குப் பங்கு இல்லை. பழைய கம்பெனி புதிய கம்பெனியிடம் பாகங்களை வாங்கும். லாபம் எந்தப் பக்கம் தங்கும் என்பது பாகத்தின் விலையைப் பொறுத்தது! நிலைமையைப் புரிந்துகொண்ட மால்கம்சன் 1906இல் 1,75,000 டாலருக்குத் தம் பங்குகளை விற்று விலகினார். 1907இல் இரு கம்பெனிகளும் ஒன்றாயின. ஒரு பாகத்தை எங்கே செய்வது என்ற முடிவு, கம்பெனி யாருக்குச் சொந்தம் என்பதையே மாற்றிவிட்டது. எங்கள் பாடநூலில் இது இல்லை.

1908 அக்டோபரில் புகழ்பெற்ற டி மாடல் வெளிவந்தது. 1910இல் ஹைலண்ட் பார்க்கில் பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1911இல், தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்து கொடுத்துவந்த பஃபலோ நகரத்துக் கெய்ம் ஆலையை ஃபோர்டு விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு அங்கே வேலைநிறுத்தம் ஏற்பட்டபோது இயந்திரங்களைப் பெயர்த்து ஹைலண்ட் பார்க்குக்கே கொண்டுவந்துவிட்டார். அவற்றோடு நட்சன் என்ற திறமைசாலியும் வந்து சேர்ந்தார். இப்பெயரை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1913இல் ஓடும் தொடர்முறை புகுத்தப்பட்டது. தொழிலாளி பொருளைத் தேடிப் போவதற்குப் பதிலாகப் பொருள் தொழிலாளியைத் தேடி வந்தது. ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடித்தளப் பூட்டுவேலை, 1914இல் 93 நிமிடத்தில் முடிந்தது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என அறிவித்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். 850 டாலராக இருந்த காரின் விலை படிப்படியாகக் குறைந்து, 1925இல் 260 டாலருக்கு வந்தது. தாமே செய்ததால் விளைந்த நன்மை இது என்பதை மறுக்க முடியாது. லட்சக்கணக்கில் ஒரே பாகம் வேண்டும்போது அதற்கென்றே தனி இயந்திரம் அமைப்பது லாபமே.

ஆர்டர் குறையும் நாள் வரும் என்று டாட்ஜ் சகோதரர்கள் முன்பே உணர்ந்தனர். ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பது ஆபத்து என்று கண்டு, 1913இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள முன்னறிவிப்புக் கொடுத்து, 1914இல் தம் பெயரிலேயே கார் செய்தனர். ஆர்டர் நின்ற பின் அழுதவர்கள் அல்லர், நிற்குமுன் எழுந்தவர்கள்.

எல்லாம் நமதே

1915இல் ரூஜ் ஆற்றங்கரையில் ஃபோர்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஏக்கர் நிலம் வாங்கினார். லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துத் தராமல் அங்கே உருக்குலை கட்டப்போவதாகச் சொன்னார். பங்குதாரர்களாக இருந்த டாட்ஜ் சகோதரர்கள் 1916இல் வழக்குத் தொடுத்தனர். 1919இல் மிச்சிகன் உச்சநீதிமன்றம் ஒரு கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் லாப ஈவு தருமாறு தீர்ப்பளித்தது. ஆனால் தொழிலை விரிவாக்கும் உரிமையைத் தடுக்கவில்லை. அதே ஆண்டில் ஃபோர்டு எல்லாப் பங்குகளையும் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டார். டாட்ஜ் சகோதரர்களின் பத்தாயிரம் டாலருக்குக் கிடைத்தது இரண்டரைக் கோடி டாலர். இனி அவரைக் கேள்வி கேட்பார் எவரும் இலர்.

1920இல் ரூஜில் முதல் உருக்குலை எரியத் தொடங்கிற்று. அங்கே இரும்புத்தாது கப்பலில் வந்து இறங்கும். காரின் பாகங்கள் மறுபக்கம் வெளியேறும். கல்கரி உலை, வார்ப்பாலை, கண்ணாடி ஆலை, மின்நிலையம், எஃகு ஆலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. உலைக் கசடிலிருந்து சிமெண்டுகூடச் செய்தார்கள். ஒரு காலத்தில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அதுவும் போதவில்லை. கென்டக்கியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், வட மிச்சிகனில் காடுகளும் மர ஆலைகளும், சரக்கு வருவதற்கு ஒரு ரயில்பாதை என எல்லாவற்றையும் வாங்கினார்.

அந்நாளிலும் டயர் போன்ற சிலவற்றை அவர் வெளியாரிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார். டயருக்கு வேண்டிய ரப்பரோ மலேயா, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1922இல் ஆங்கில அரசு ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திற்று. 1925இல் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு டாலரைத் தாண்டியது. ரப்பரையும் நாமே விளைவித்தால் என்ன என்று ஃபோர்டு எண்ணினார்.

1927இல் பிரேசில் நாட்டில் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் காட்டைப் பெற்றார். ஃபோர்ட்லாண்டியா என்று பெயரிட்டு, அமெரிக்க ஊர் ஒன்றை அப்படியே அமேசான் காட்டில் எழுப்ப முயன்றனர். உணவும் பழக்கவழக்கமும்கூட அமெரிக்க முறைப்படியே இருக்க வேண்டும் என்றனர். 1930 டிசம்பரில் உணவுக்கூடத்தில் தொடங்கிய பூசல் பெருங்கலகமாக மூண்டது. அதைவிடப் பெரிய பகை இலையில் இருந்தது. காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று எட்ட நின்று வளர்பவை. தோட்டத்தில் நெருக்கி நட்டதும் இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவிற்று. மலேயாவின் ரப்பருக்கு விதை போனதே 1876இல் இதே தபஜோஸ் கரையிலிருந்துதான். விதை கடல் கடந்தது. நோய் பிறந்த மண்ணிலேயே தங்கிவிட்டது. தாவரநூல் வல்லுநரை முதலிலேயே அமர்த்தியிருந்தால் இதைச் சொல்லியிருப்பார். 1945இல் அந்நிலம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலருக்குப் பிரேசில் அரசுக்கே திரும்பக் கொடுக்கப்பட்டது. நட்டம் சுமார் இரண்டு கோடி டாலர். ஃபோர்டு அங்கே ஒருமுறைகூடச் சென்றதில்லை.

நட்டத்தைவிடப் பெரிய அடி உள்நாட்டில் விழுந்தது. மக்களின் விருப்பம் மாறியது. டி மாடல் பழையதாயிற்று. ஆனால் ஃபோர்டின் இயந்திரங்கள் யாவும் அந்த ஒரு காருக்கென்றே அமைந்தவை. பாகத்தை வெளியில் வாங்குபவர் ஆர்டரை மாற்றி எழுதினால் போதும். தானே செய்பவர் ஆலையையே மாற்ற வேண்டும். 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது காருடன் டி மாடல் முடிவுக்கு வந்தது. டிசம்பரில்தான் அடுத்த மாடல் வெளிவந்தது. இடையில் தொழிற்சாலை முடங்கிக் கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையின்றித் திண்டாடினர். அந்த ஆண்டு ஷெவர்லே கார் ஃபோர்டை முந்திற்று. ஷெவர்லேயின் தலைவர் யார்? கெய்ம் ஆலையோடு வந்து, 1921இல் மனம் கசந்து வெளியேறிய அதே நட்சன்தான். ஆலையை விலைக்கு வாங்க முடிந்தது. ஆளைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை.

நிழலும் முடிவும்

பெரியோர் வரலாற்றில் குறைகளை மறைத்து எழுதுவது முறையன்று. 1920களில் தம் செய்தித்தாளில் யூதர்கள்மீது வெறுப்பைப் பரப்பினார் ஃபோர்டு. 1927இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. தொழிற்சங்கத்தை நெடுங்காலம் எதிர்த்தார். 1937 மே மாதம் ரூஜ் ஆலை வாயிலில் சங்கத்தினர் அடித்து நொறுக்கப்பட்டனர். 1941இல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. கணக்கர்களையும் அவர் விரும்பியதில்லை. ஒரு பாகத்தைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்பதே துல்லியமாகத் தெரியாத நிலையில் கம்பெனி தத்தளித்தது. 1943இல் ஒரே மகன் எட்செலைப் பறிகொடுத்தார். 1945இல் பேரன் பொறுப்பேற்றுச் செலவுக் கணக்கு அறிந்தவர்களைக் கொண்டுவந்த பின்னரே கம்பெனி நிமிர்ந்தது.

1947 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, தம் 83ஆம் வயதில் ஃபோர்டு காலமானார். அவருடைய மாளிகைக்கு வேண்டிய மின்சாரத்தை ரூஜ் ஆற்றங்கரையிலிருந்த அவருடைய சொந்த மின்நிலையமே தந்துவந்தது. அன்று ஆற்றில் வெள்ளம் வந்து மின்நிலையம் நின்றுபோயிற்று. ஒருகாலத்தில் மின்விளக்குக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இருந்தவரின் உயிர், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிரிந்தது. எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டவர்க்கு அன்று ஒரு விளக்குக் கடன் தர வேறு கம்பி இல்லை.

நான் கற்றது

இவ்வரலாற்றை நான் அப்பாவுக்கு இரண்டு இரவுகள் சொன்னேன். ஃபோர்டு செய்ததும் சரி, வாங்கியதும் சரி. காலம் அறிந்து செய்தபோது வென்றார், யாரையும் நம்பேன் என்று செய்தபோது தோற்றார் என்றேன். கையில் முதல் இல்லாத நாளில் அவர் வாங்கினார். தேவை பெருகி நிலைத்தபின் செய்தார். கோபத்திலும் பெருமையிலும் அவர் எடுத்த முடிவுகளே அவரைக் கவிழ்த்தன. அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, டாட்ஜ் சகோதரர்களின் கதையை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார்.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வார்ப்பாலைக்கு வாரம் முழுவதும் வேலை கொடுக்க எங்களிடம் ஆர்டர் இல்லை. உலை எரிந்தாலும் அணைந்தாலும் வட்டி மட்டும் ஓடும். ஆகவே வார்ப்பைப் பக்கத்து ஊர் வார்ப்பாலையிலிருந்து வாங்குவது, எங்கள் கை அறிந்த கடைசல் வேலையை மட்டும் நாங்களே செய்வது என்று முடிவு செய்தோம். வீடு அடமானத்துக்குப் போகவில்லை. இப்பொழுது அப்பா ஒரு பெரிய வாடிக்கையாளருக்குப் பதில் நான்கு சிறிய வாடிக்கையாளருக்குக் கடைந்து கொடுக்கிறார். வருமானம் பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ஒருவர் நிறுத்தினால் பட்டறை இருளாது.

வணிகவியல் படிக்கும் நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பெரிய நிறுவனங்களில் அமர்ந்து, செய்வதா வாங்குவதா என்று கையெழுத்திடப் போகிறோம். கணக்கைச் சரியாகப் போடுவோம். போட்டு முடித்தபின், அக்கணக்கில் வராத ஒரு பட்டறையையும் ஒரு நிமிடம் நினைப்போம். நிறுத்துவது என்று முடிவானால், அவர்கள் எழுந்து நிற்க ஆறு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுவோம். ஆர்டர் நின்றதைவிட, அது முன்னறிவிப்பின்றி நின்றதுதான் அன்று என் தந்தையாரைச் சாப்பிட விடவில்லை.